ஓய்வுக்காலத் தூரிகையும் தேயிலை மலையும்



நம் நாட்டில் அரசு ஊழியர்களின் கட்டாயப் பணி ஓய்வு வயது 2012ஆம் ஆண்டில் 60 ஆக உயர்த்தப்பட்டது. 60 வயதில் பள்ளியை விட்டு விடைபெறும் ஓர் ஆசிரியர், உடல்நலம் வாய்த்தால், மேலும் இருபது ஆண்டுகள் சுறுசுறுப்பாக வாழலாம். அந்த இருபது ஆண்டுகளை எதைக்கொண்டு நிரப்புவது?

நம் மூத்த ஆசிரியர்கள் பலர் இதற்கு நல்லதொரு விடை கண்டிருக்கிறார்கள். மலை ஏறுகிறார்கள், குழுவாகப் பயணம் போகிறார்கள். பாராட்ட வேண்டிய செய்திதான். போன இடமெல்லாம் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். அன்றிரவே புலனக் குழுவில் ஐம்பது படங்கள் வந்து விழுகின்றன. நாமும் கட்டைவிரலைக் காட்டி வாழ்த்துகிறோம். மறுநாள் அந்தப் படங்களை யார் பார்க்கிறார்கள்? எடுத்தவரே பார்ப்பதில்லை!

அவர்களிடம் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்த ஐம்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தாளும் தூரிகையும் வாங்குங்கள். அதை நீர்வண்ணத்தில் தீட்டிப் பாருங்கள். குறிப்பாக, கேமரன் மலைக்குச் சென்று வந்த தமிழர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. பொழுதுபோக்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காரணத்தை விளக்குகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். “படத்தைப் பார்த்து வரைவது நகல் எடுப்பதுதானே? அது எப்படிக் கலையாகும்?” என்று சிலர் கேட்பர். மலேசிய ஓவியத்தின் தந்தை என்று பலராலும் போற்றப்படும் யோங் முன் சென் (1896–1962) பினாங்கில் நிழற்பட நிலையம் நடத்தியவர். நம் நாட்டு நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடியும் அவரே. படக்கருவியைக் கையாண்ட அதே கை தூரிகையையும் பிடித்தது. இரண்டுக்கும் பகை இல்லை.

மேலும், படத்தை அப்படியே நகலெடுக்க முயல்பவருக்குத்தான் படம் எவ்வளவு குறையுடையது என்பது விளங்கும். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். நேரில் நம்மை மலைக்க வைத்த மலைமுகடு, கைப்பேசியின் அகன்ற வில்லையில் எறும்புப் புற்றாய்ச் சிறுத்துப்போகும். மூடுபனி வெறும் வெள்ளைத் திட்டாகும். செடிகளுக்கு இடையிலுள்ள நிழல் கறுப்பாகிவிடும். ஆயிரம் பச்சைகள் ஒரே பச்சையாகிவிடும்.

நீர்வண்ணம் தீட்ட அமர்பவர் இவற்றையெல்லாம் நினைவிலிருந்து மீட்டாக வேண்டும். இளங்கொழுந்தின் பச்சையில் மஞ்சள் கூடுதல். முற்றிய இலை கருமை தோய்ந்தது. அடுத்த குன்று சற்று நீலம். அதற்கும் அப்பால் உள்ளது சாம்பல் நீலம். குழாயிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசினால் நெகிழிச் செடிபோல் இருக்கும். நீலத்தையும் மஞ்சளையும் குழைத்து, அதில் ஒரு துளி செம்பழுப்பைச் சேர்த்தால் தேயிலை உயிர்பெறும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே வெளிச்சம். பனியைத் தீட்ட முடியாது. அதற்கான இடத்தைத் தொடாமல் விட்டுவைக்கத்தான் முடியும். எதை விட வேண்டும் என்பதைத் தூரிகை நனையும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும்.

எதை விடுவது, எதை வைப்பது? என் கருத்தின் உயிர்நாடியும் இந்தக் கேள்விதான்.

கேமரன் மலையைக் காட்டும் அஞ்சலட்டைகளையும் நாட்காட்டிகளையும் சுற்றுலா விளம்பரங்களையும் நினைத்துப் பாருங்கள். அலை அலையாய்ப் பச்சை; ஆங்காங்கே பனி; மேலே நீலவானம். மனிதர் பெரும்பாலும் இல்லை! அந்தச் செடிகள் தாமாக வரிசையில் முளைத்தவைபோல் ஒரு தோற்றம். நம்மவர்கள் எடுக்கும் படங்களும் அப்படியே அமைந்துவிடுகின்றன. பார்த்துப் பழகியதைத்தானே கண் தேடும்?

உண்மை என்ன? வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இம்மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. இவை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும் செய்திகள். ஆனால், அந்தச் சரிவுகளில் செடி நட்டு, களை எடுத்து, கவாத்து வெட்டி, கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள் என்பது எத்தனை படங்களில் தெரிகிறது? இன்று கத்தரியும் இயந்திரமும் கொழுந்து வெட்டுகின்றன. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவற்றைச் சுமக்கிறார்கள். கூடை சுமந்த நம் பெண்களை நேரில் கண்ட தலைமுறை இப்போது அறுபதையும் எழுபதையும் கடந்துகொண்டிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மலைத்தோட்டத்தில் பிறந்தவர். 62 வயதில் தூரிகை பிடித்தார். குன்றேறிப் போனபோது தாமே எடுத்த படத்தைப் பார்த்து முதல் ஓவியத்தைத் தீட்டினார். குன்றுகள், பனி, பாதை. நாட்காட்டியில் அச்சிடலாம், அவ்வளவு அழகு. சில மாதங்கள் கழித்து அதே படத்தை வைத்து இரண்டாவது ஓவியம் தீட்டினார். இம்முறை பாதையில் ஒரு பெண் போகிறார். தலையில் முக்காடு, நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பைச் சுற்றிச் சாக்கு. சரிவின் அடியில் லயத்து வீடுகள். அந்தப் பெண் அவருடைய தாயார்.

இரண்டு ஓவியங்களையும் என் நான்காம் ஆண்டு மாணவர்களிடம் காட்டச் சொல்லி அவரை வகுப்புக்கு அழைத்தேன். முதலாவதைப் பார்த்து, “அழகாக இருக்கிறது ஐயா” என்றார்கள். அத்தோடு முடிந்தது. இரண்டாவதைப் பார்த்ததும் கேள்விகள் கிளம்பின. “அந்த அம்மா ஏன் சாக்குக் கட்டியிருக்கிறார்?” “கூடை நெற்றியில் வலிக்காதா?” “அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள்?” விடியற்காலையில் செடியெல்லாம் பனிநீர் சொட்டும், அது சேலையை நனைக்கும், கிளைகள் துணியைக் கிழிக்கும், அதற்காகத்தான் சாக்கு என்று அவர் விளக்கினார். கலைக்கல்விப் பாடம் வரலாற்றுப் பாடமாயிற்று, மொழிப்பாடமும் ஆயிற்று. ‘கவாத்து’, ‘லயம்’, ‘கொழுந்து’ ஆகிய சொற்களை என் மாணவர்கள் அன்றுதான் பொருள் விளங்கக் கற்றார்கள்.

சரிவின் அமைப்பையும் ஒளியின் திசையையும் அவருக்குப் படம் தந்தது. தாயாரை நினைவு தந்தது. இரண்டும் ஒருசேர வாய்த்திருப்பது நம் மூத்தோரிடம் மட்டுமே. எவ்வளவு தேர்ச்சி பெற்ற ஓவியரானாலும் வெளியிலிருந்து வருபவரால் அந்தச் சாக்கை வரைய முடியாது. அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது.

உலகில் இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் ‘பாட்டி மோசஸ்’ (1860–1961) வாழ்நாளெல்லாம் பண்ணையில் உழைத்தவர். எழுபதுகளின் பிற்பகுதியில்தான் முழுமூச்சாய் ஓவியம் தீட்டலானார். அஞ்சலட்டைகளிலும் இதழ்களிலும் வந்த படங்களைத் துணையாகக் கொண்டார். ஆனால் அவர் தீட்டியது வெற்று நிலக்காட்சி அன்று. பண்ணையில் மக்கள் உழைத்த உழைப்பும் கொண்டாடிய திருநாளும் அவற்றில் நிறைந்திருந்தன. 1940இல் நியூயார்க்கில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 80. நம் தமிழ்நாட்டில் மனோகர் தேவதாஸ் (1936–2022) பார்வை மங்கிக்கொண்டே வந்த நிலையிலும், தாம் வளர்ந்த மதுரையை நுணுக்கமான கோட்டோவியங்களாக்கி நூலாக விட்டுச் சென்றார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இருவரும் தாம் அறிந்த மண்ணையே வரைந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

“வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதவர் பலர் இருக்க, வண்ணம் தீட்டச் சொல்கிறீரா?” என்று சிலர் சினக்கலாம். நியாயமான கேள்வி. கொழுந்து பறித்த நம் பாட்டிமார்களுக்கு நம்மைப்போல் மாத ஓய்வூதியம் இருந்ததில்லை. முதுமையில் ஓய்ந்து அமர்ந்து அந்த மலையை ரசிக்க அவர்களுக்கு நேரமும் இருந்ததில்லை. அரசு ஓய்வூதியம் பெறும் நமக்கு அந்த நேரம் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இதைக் கடமை என்கிறேன். அவர்களால் வரைய முடியாமற் போனதை அவர்களுடைய பிள்ளைகள் வரையட்டும். இன்று அதே சரிவில் சுமை தூக்கும் அயல்நாட்டுத் தொழிலாளியையும் விட்டுவிடாமல் வரையட்டும். நாம் மறக்கப்பட்டதுபோல் இன்னொருவர் மறக்கப்படக் கூடாதல்லவா?

“எனக்கு வரைய வராது” என்பது அடுத்த தடை. 60 வயதில் எழும் இந்தச் சொல், பெரும்பாலும் ஒன்பது வயதில் விழுந்த விதை. கலைக்கல்வி நேரத்தைக் கணிதத்துக்கும் மொழிக்கும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. தேர்வு நெருக்கடி என்று காரணம் சொன்னோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது; அந்தப் பழக்கம் முற்றாக ஒழிந்ததாகத் தெரியவில்லை. ஆசிரியர்களே, அந்த ஒரு மணி நேரத்தைக் குழந்தைகளுக்கே விட்டுவிடுங்கள். பெற்றோர்களே, வண்ணப் பெட்டி கேட்கும் பிள்ளையிடம் “முதலில் பயிற்சி நூலை முடி” என்று சொல்லும் முன் சற்றே யோசியுங்கள்.

தொடங்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்:

1. தாளில் சிக்கனம் வேண்டாம். பள்ளி வரைதாள் நீர் பட்டதும் நெளிந்துவிடும். 300 கிராம் நீர்வண்ணத் தாள் வாங்குங்கள். வண்ணங்கள் ஆறேழு போதும். தூரிகை இரண்டு போதும்.

2. நீங்களே எடுத்த படத்தைப் பயன்படுத்துங்கள். இணையத்தில் கிடைக்கும் பிறர் படத்தில் உங்கள் நினைவு இராது. உரிமைச் சிக்கலும் வரும்.

3. வெளிறிய வண்ணத்தில் தொடங்கிக் கருமைக்குப் போங்கள். கேமரன் மலைக் குளிரிலும் ஈரத்திலும் அமர்ந்து தீட்டினால் வண்ணம் மெல்லத்தான் உலரும். பொறுமை வேண்டும்.

4. படத்தில் இல்லாத, ஆனால் நீங்கள் அறிந்த ஒன்றையேனும் ஓவியத்தில் சேருங்கள். ஒரு மனிதர், ஒரு கோயில், ஒரு கிணறு, எதுவாகவும் இருக்கலாம்.

5. முடித்தபின் தாளின் பின்புறம் இடம், ஆண்டு, அதில் உள்ளவர் பெயர், அவர் செய்யும் வேலை ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள். இதை மட்டும் மறவாதீர்கள். பெயர் எழுதாத படம் ஒரு தலைமுறைக்குப்பின் யாருடையதுமில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கு அருகில் வாழும் ஓய்வுபெற்றவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கலைக்கல்வி வகுப்புக்கு அழையுங்கள். தாத்தாவும் பேரனும், பாட்டியும் பேத்தியும் ஒரே படத்தை அருகருகே அமர்ந்து தீட்டட்டும். பேரப்பிள்ளை கோடு போடக் கற்றுக்கொடுக்கட்டும். தாத்தா அந்தக் கோட்டுக்குள் யார் இருந்தார்கள் என்று சொல்லிக்கொடுக்கட்டும். வகுப்பறைச் சுவரில் அந்த ஓவியங்களுக்கு இடம் கொடுப்போம். சிந்திப்போம், செயல்படுவோம்.