இடைவலயம் யாருடைய காணியில்?

அயற்காணிக்காரன் ஒருவன் வேலியடைக்கும் காலந்தோறும் கதியாலைச் சாணளவு நம் பக்கம் தள்ளி நாட்டுகிறான். ஏனென்று கேட்டால் கத்தியை எடுக்கிறான். ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். "சண்டை வேண்டாம், நடுவிலே பத்து முழம் ஒருவருக்கும் இல்லாமற் கிடக்கட்டும், இருவரும் அதில் கால்வையாதிருங்கள்" என்று தீர்ப்புக் கூறுகிறார்கள். கேட்பதற்கு நடுநிலையான தீர்ப்பாகவே தோன்றும். ஆனால், அந்தப் பத்து முழமும் எவனுடைய உறுதியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். வேலியைத் தள்ளியவன் தன் காணியில் ஒரு விரற்கடை தானும் இழக்கவில்லை. இழந்தவன் மற்றவனே.

உக்ரேன் தேசத்தின்மீது ரஷ்யா தொடுத்த யுத்தத்தை முடித்துவைப்பதற்கென்று வல்லரசுகளின் தலைநகரங்களில் வரையப்பட்ட இடைவலயத் திட்டங்கள் இந்த வேலித் தீர்ப்பிலும் எவ்வகையிலும் மேலானவையல்ல என்பதே நமது துணிபு. படைக்கல உதவியைச் சிறுகச் சிறுக அளந்து கொடுத்துவிட்டு, அதனால் தளர்ந்தவனை நோக்கி, "இனி உன் நிலத்தில் ஒரு பகுதியை வெறுமையாக விட்டு விலகு" என்று கூறுவது சமாதானமாகாது. அது தவணைமுறையில் நடைபெறும் சரணாகதியாகும்.

நம்மவருள் படித்தவர் சிலர், "அது ஐரோப்பியரின் யுத்தம், நமக்கென்ன?" என்கின்றனர். வேறு சிலர், ஆயுதம் கொடுப்பதை நிறுத்தினால் யுத்தம் தானே நின்றுவிடும் என்று சாந்தி பேசுகின்றனர். இவ்விரு சாராருக்கும் மறுமொழி கூறுவது நமது கடமை.

பிணை வேறு, வாக்கு வேறு

சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உக்ரேன் மண்ணில் ஏறத்தாழ 1,900 நெடுந்தூர அணுவாயுத முனைகள் இருந்தன. உலகின் மூன்றாவது பெரிய அணுவாயுதக் குவியல் அது. அவற்றை ஏவும் அதிகாரம் மொஸ்கோவிடமே இருந்தது என்பது உண்மை. ஆயினும் அவை கிடந்த மண் உக்ரேனுடையது. 1994 டிசம்பர் 5ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் ஒரு பத்திரம் கையொப்பமாயிற்று. அணுவாயுதங்களைத் துறக்கும் உக்ரேனின் சுதந்திரத்தையும் அன்றிருந்த எல்லைகளையும் மதிப்பதாகவும், அதற்கெதிராகப் படைபலத்தைப் பிரயோகிப்பதில்லையென்றும் ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதிலே வாக்களித்தன. 1996ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் கடைசி முனையும் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டது.

சட்டம் பயின்றோர் அப்பத்திரத்தின் ஆங்கில வாசகத்தை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். அங்கே கையாளப்பட்ட சொல்லின் பொருள் உத்தரவாதம் அன்று, உறுதிமொழி மாத்திரமே. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை நமது நீதிமன்றங்களில் நாள்தோறும் காண்கிறோம். பிணை நின்றவன், கடன்பட்டவன் தவறினால் தன் மடியிலிருந்து பணத்தைக் கட்டவேண்டும். "அவன் நல்லவன், கொடுப்பான்" என்று வாக்குச் சொன்னவனோ சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு போய்விடலாம். 2014 மார்ச்சில் ரஷ்யா கிரைமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, கையொப்பமிட்ட மற்றைய இரு வல்லரசுகளும் கண்டனம் தெரிவித்தன. பொருளாதாரத் தடைகள் சிலவற்றை விதித்தன. அதற்குமேல் எதையும் செய்யும் கடப்பாடு பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆகவே, உக்ரேனுக்குக் கொடுக்கப்பட்ட படைக்கலத்தைத் தருமமென்று பேசுவோர் கணக்கை முதலிலிருந்து பார்க்கவேண்டும். ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னவர்கள், வைத்தவன் தாக்கப்படும்போது தாங்க வேண்டியவர்கள். அது பிச்சையன்று, கடன்.

காலந்தப்பிய மழை

2022 பெப்ரவரி 24ஆம் நாள் முழு யுத்தம் தொடங்கிற்று. அதன்பின் மேற்கு நாடுகள் அளித்த உதவி சிறியதென்று எவருங் கூறார். ஆனால், அளித்த விதம் எத்தகையது? நெடுந்தூர ரொக்கட் பீரங்கிகள் 2022 ஜூனில் வந்தன. ஜேர்மனியின் லெப்பர்ட் தாங்கிகளை அனுப்ப 2023 ஜனவரியில்தான் மனமிசைந்தது. எவ்.16 போர்விமானங்கள் 2024 ஆகஸ்டில்தான் உக்ரேன் வானிற் காணப்பட்டன. ஒவ்வொன்றும் முதலில் "கூடாது" எனப்பட்டது, பின்னர் "பார்க்கலாம்" எனப்பட்டது, இறுதியிற் கொடுக்கப்பட்டது. அதற்கிடையில் எதிரி அகழி வெட்டி, கண்ணிவெடி புதைத்து, காலூன்றி நின்றுவிட்டான்.

ஓராண்டுக்குள் பத்து இலட்சம் எறிகணைகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் வாக்களித்தது. தவணை முடிந்தபோது ஏறத்தாழப் பாதியே போய்ச் சேர்ந்திருந்தது. ஏறத்தாழ 61 பில்லியன் டொலர் பெறுமதியான உதவிக் கோரிக்கை, 2023 ஒக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை அமெரிக்கக் காங்கிரசின் கட்சிப் பிணக்குகளிற் சிக்குண்டு கிடந்தது. அந்த இடைக்காலத்தில், 2024 பெப்ரவரியில், எறிகணைப் பஞ்சத்தினிடையே அவ்தீவ்கா நகரம் வீழ்ந்தது. 2025 பெப்ரவரி இறுதியில் வெள்ளை மாளிகையில் இரு ஜனாதிபதிகள் உலகறியச் சொற்போர் நடத்தினர். சில நாட்களுள் படைக்கல உதவியும் உளவுத் தகவலும் நிறுத்தப்பட்டன. ஒரு வாரமளவிற் சென்று மீண்டும் திறக்கப்பட்டன. ஒரு தேசத்தின் உயிர் ஒரு மனிதரின் முகக்குறிப்பிலே தொங்கும்படி விடப்பட்டது.

கதிர் கருகிய பின் பெய்யும் மழையின் பயனை நமது கமக்காரருக்கு எவருஞ் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெய்தது என்று ஏட்டில் எழுதலாம்; வீட்டுக்கு நெல் வராது.

ஆயுதம் யுத்தத்தை வளர்க்குமே என்று கேட்கலாம். 1961இல் கச்சேரி வாயிலில் வெறுங்கையோடு அமர்ந்தவர்களின் வழிவந்த நாம் ஆயுதத்தைப் போற்றுபவரல்லோம். ஓர் அரசு தன் சொந்தக் குடிகள்மீது ஏவுவதற்குப் பெறும் ஆயுதம் எத்தகைய கேட்டைச் செய்யும் என்பதை நாம் அறிந்த அளவுக்கு அறிந்தவர் சிலரே. ஆனால், எல்லை கடந்து வரும் அந்நியப் படையைத் தடுப்பதற்குப் பெறும் ஆயுதம் வேறு. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 51ஆம் உறுப்புரை தற்காப்பை இயல்பான உரிமையென்று கூறுகிறது. இருசாராருக்கும் ஆயுதம் இல்லையென்பது நடுநிலைமையாகாது என்பதைப் பொஸ்னியா காட்டிற்று. 1991 செப்டெம்பரில் பாதுகாப்புச் சபை யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை விதித்தது. பழைய இராணுவத்தின் கிடங்குகள் கைவசமிருந்தவர்களை அது தடுக்கவில்லை; வெறுங்கையரையே தடுத்தது.

வலயங்களின் வரலாறு

அதே பொஸ்னியாவில், 1993 ஏப்ரலில், சிரெப்ரெனிட்சா நகரம் "பாதுகாப்பான பகுதி" என்று அதே சபையினாற் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1995 ஜூலை 11இல் அது வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். 2009இல் வன்னியில் மும்முறை அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயங்களுள் என்ன நடந்தது என்பதை நமது வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுமா? காவலனும் கடப்பாடும் இல்லாத வலயம் மக்களைக் காப்பதில்லை. ஓரிடத்திற் குவித்துக் கொடுக்கிறது.

உக்ரேனுக்கே இது முதல் அனுபவமன்று. 2015 பெப்ரவரி 12ஆம் நாள் மின்ஸ்க் நகரிற் செய்யப்பட்ட இரண்டாம் உடன்பாடு, பெரும்பீரங்கிகளை இருபுறமும் விலக்கி 50 கிலோமீற்றர் அகலமான வலயமொன்றை அமைக்கச் சொல்லிற்று. ரொக்கட் பீரங்கிகளுக்கு அகலம் இன்னும் அதிகம். மை காயுமுன், ஆறாவது நாளில், டெபால்ட்செவே நகரத்தை உக்ரேன் படை இழந்தது. வலயத்தைப் பார்த்திருக்க ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்பாளர் வந்தனர். அவர்கள் கையிற் குறிப்பேடு இருந்தது, வேறொன்றும் இருக்கவில்லை. மீறல்களை எண்ணினர், தடுக்க அதிகாரமில்லை. ரஷ்யா இணங்காமையால் அவர்களது ஆணையும் 2022 மார்ச் 31உடன் முடிந்தது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னரே தாங்கிகள் அந்த வலயத்தைக் கடந்து போய்விட்டன.

சைப்பிரஸ் தீவில் வலயம் நிலைத்ததே என்பர். உண்மை. ஐ.நா. படை 1964 முதல் அங்கு நிற்கிறது. 1974க்குப் பின் 180 கிலோமீற்றர் நீளமான வலயம் தீவை ஊடறுக்கிறது. துப்பாக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்தன. ஆயினும் நிக்கோசியாவின் பழைய விமானநிலையம் அன்று முதல் வலயத்துள்ளே பாழடைந்து கிடக்கிறது. ஓடிவந்தோருட் பெரும்பாலோர் அரை நூற்றாண்டு கழிந்தும் தம் வீடுகளில் மீளக் குடியேறவில்லை. தற்காலிகம் என்று வரையப்பட்ட கோடு, பேரப்பிள்ளைகளின் காலத்தில் எல்லையாகிவிட்டது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து ஓடியவர்களுள், கால் நூற்றாண்டின் பின்னரும் தம் செம்மண் தோட்டத்தைக் கண்ணாற் காணாதிருந்தோர் எத்தனை பேர்! "உயர் பாதுகாப்பு" என்ற சொல்லில் எவருடைய பாதுகாப்பு அடங்கியிருந்தது?

வரைபடமும் மண்ணும்

இடைவலயம் என்ற சொல்லின் விசித்திரம், அதை ஆளுவோர் ஒவ்வொருவருக்கும் அது மற்றவன் நிலத்திலேயே அமைவதுதான். 2024 மார்ச்சில் புட்டின் உக்ரேனுக்குள்ளே ஒரு "சுகாதார வலயம்" வேண்டுமென்றார். மே மாதத்தில் அவர் படைகள் கார்க்கிவ் மாகாணத்துட் புகுந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் உக்ரேன் படைகள் ரஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்துட் புகுந்தபோது, செலென்ஸ்கியும் இடைவலயம் என்ற அதே சொல்லையே எடுத்தாண்டார். இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால், பத்தாண்டுகளாக வேலியைத் தள்ளிவந்தவன் எவன் என்ற கேள்விக்கு அது விடையுமாகாது.

2025 ஆகஸ்டில், 40 கிலோமீற்றர் அகலமான வலயமொன்றை ஐரோப்பிய அதிகாரிகள் ஆராய்வதாகச் செய்தி வெளியாயிற்று. போர்முனையின் நீளமோ 1,000 கிலோமீற்றருக்கு மேல். பெருக்கிப் பாருங்கள்: 40,000 சதுர கிலோமீற்றர், இலங்கைத் தீவின் அரைவாசிக்கு மேற்பட்ட பரப்பு! அதிலுள்ள கிராமங்களை யார் ஆளுவர்? களவு போனால் எந்தப் பொலிசிடம் முறையிடுவது? காணி கைமாறினால் எந்தப் பதிவகத்தில் உறுதி பதிவது? வரைபடத்தில் விரலோட்டியவர்கள் இவற்றைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த மண் உலகம் புகழும் கரிசல் மண். கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும் இருக்கக்கூடிய நிலம் 174,000 சதுர கிலோமீற்றர் என்று உக்ரேன் 2023இற் கணித்தது. அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் ககோவ்கா அணை தகர்ந்தபோது, தெற்கின் நீர்ப்பாசன வாய்க்கால்கள் வறண்டன. உழமுடியாத நிலமும் நீரில்லாத வாய்க்காலும் ஏற்கெனவே உள்ளன; இனிக் கேட்கப்படுவது உரிமையாளனில்லாத நிலம்.

2025 நவம்பரில் வெளிவந்த 28 அம்சத் திட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. டொனெட்ஸ்க் மாகாணத்தில் உக்ரேன் தன் கையில் வைத்திருந்த பகுதியிலிருந்து தானே விலகவேண்டும். அது படையற்ற இடைவலயமாக வேண்டும். ஆயினும் அது ரஷ்யாவின் நிலமென்று உலகம் ஏற்கவேண்டும். போரிற் பிடிக்கமுடியாத கிராமட்டோர்ஸ்க், சிலோவியன்ஸ்க் அரண்களைப் பேனாவினாற் பிடிக்கும் வழி இது. இருவருக்கும் இல்லாத நிலம் என்று தொடங்கிய பேச்சு, ஒருவனுக்கே உரிய நிலம் என்று முடிந்தது.

மொழி என்னும் போர்வை

"தொன்பாஸில் ரஷ்யமொழி பேசுவோர் உரிமை கேட்டனரே, உரிமை கேட்கும் நாம் அவர்களை மறுக்கலாமா?" என்று நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். நல்ல வினா. 1956இல் ஒரு மொழிச் சட்டத்தின் அடியை முதுகில் வாங்கிய நாம், உக்ரேனின் 2019ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தைப் பழுதற்றதென்று கூறோம். ஐரோப்பிய மன்றத்தின் வெனிஸ் ஆணைக்குழுவே அதைக் குறைகூறியது. அக்குறைக்கு மருந்து அரசியலமைப்பும் அதிகாரப் பகிர்வுமேயன்றி அயல்நாட்டுத் தாங்கிகளல்ல. 2022 செப்டெம்பரில் துப்பாக்கி நிழலில் வாக்கெடுப்பு நடத்தி நான்கு மாகாணங்களை ரஷ்யா இணைத்தது. "என்றென்றைக்கும் ரஷ்யா" எனப்பட்ட கேர்சன் நகரத்தை விட்டு ஆறு வாரங்களில் அதன் படை வெளியேறியது. திரும்பிவந்த உக்ரேன் வீரரை மக்கள் வீதியிற் கூடிக் கட்டித் தழுவினர். சுயநிர்ணயம் எதுவென்று அன்று அந்த வீதி கூறிற்று.

நாம் கேட்பது

2022 மார்ச் 2ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்தன; 5 எதிர்த்தன; 35 ஒதுங்கி நின்றன. ஒதுங்கியவற்றுள் இலங்கையும் ஒன்று. கொழும்பின் நடுநிலைமை நமக்குப் புதிதன்று. அது நம்முடைய நிலைப்பாடாக வேண்டியதுமன்று.

எந்த உடன்பாட்டுக்கும் நான்கு நிபந்தனைகள் இன்றியமையாதன என்போம். படைக்கல உதவி, ஒருவரின் மனநிலையிலன்றிப் பல்லாண்டுச் சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் நிற்கவேண்டும். வலயம் வேண்டுமாயின் அது கோட்டின் இருபுறமும் சமமாக வேண்டும். அதனால் நிலவுரிமை மாறலாகாது. குடிகள் திரும்பும் உரிமை நாட்குறித்து எழுதப்படவேண்டும். காவலுக்கு நிற்போர் தடுக்கும் அதிகாரமுடையோராக வேண்டும். மீறினால் யார், எத்தனை நாளில், என்ன செய்வர் என்பது முன்கூட்டியே பத்திரத்தில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காணிக்காரனின் கையொப்பம் வேண்டும். அதாவது, அந்நாட்டு மக்களின் சுதந்திரமான சம்மதம்.

எழுதிய ஒப்பந்தம் கிழிக்கப்படுவதை 1958இற் கண்டவர்கள் நாம். வாக்குக்கும் பிணைக்கும் உள்ள தூரத்தை நம்மைப்போல் நடந்தளந்தவர் அதிகமில்லர். ஆதலால், சிறிய தேசமொன்றின் காணியைப் பெரியவர்கள் கூடிப் பங்கிடும்போது, "நமக்கென்ன?" என்று கேட்கும் உரிமை வேறெவருக்கிருப்பினும் நமக்கில்லை. சமாதானம் வரட்டும், வேலியும் நாட்டப்படட்டும். ஆனால், அது உறுதிப்படி நாட்டப்படட்டும்.