எந்தக் கட்டம் யாருக்குச் சொந்தம்?

 

கட்டம் போட்ட கைலியை உடுத்தி வளர்ந்தவர்கள் நாம். கடையில் நின்று பச்சைக் கட்டமா, நீலக் கட்டமா என்று தேரும்போது, 'இதனை உடுத்த எனக்கு உரிமை உண்டா? என் பாட்டனார் எவர்?' என்று நம்முள் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. சாயம் போகுமா, விலை என்ன என்பதோடு நம் கவலை தீர்ந்துவிடும். ஆனால், கட்டம் போட்ட துணிக்கு முன்னால் நின்று ஒருவர் தம் பரம்பரையை நினைத்துப் பார்க்க நேர்கிற நாடு ஒன்று உண்டு. அது ஸ்காட்லாந்து.

என் நெடுநாள் நண்பரின் மகன் கிளாஸ்கோ நகரிலிருந்து அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். பதினைந்து ஆண்டுகளாக அங்கே பணிபுரிகிறார். உடன் பணியாற்றும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்குத் திருமணம். தோழர்கள் யாவரும் தம் நாட்டு உடையாகிய 'கில்ட்' அணிந்து வரவேண்டுமென்று மணமகன் ஆசைப்பட்டிருக்கிறார். இவரும் எட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு, அவ்வுடையை வாடகைக்கு விடும் கடைக்குச் சென்றார். கடைக்காரர் புன்முறுவலோடு, "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று வினவித் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினாராம். மெக்டொனால்டு இருந்தது, கேம்ப்பெல் இருந்தது, இவர் பெயர் இல்லை. கடைக்காரர் மீது குற்றமில்லை. வருகிற அனைவரிடமும் கேட்பதைத்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் நின்ற சிறுவன், "வாப்பா, நம்முடையது எது?" என்று கேட்டுவிட்டான்.

"மாமா, அவன் இந்த ஊரிலேயே பிறந்தவன். இந்த ஊர்ப் பேச்சுதான் அவன் நாவில் வருகிறது. அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது? வேறொரு குடும்பத்தின் கட்டத்தை எடுத்து உடுத்தினால் அது பொய் வேஷம் ஆகாதா?" என்றார். குரல் சற்றுக் கம்மியிருந்தது. நான் படித்தறிந்தவற்றை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் கட்டத் துணிக்கு 'டார்ட்டன்' என்று பெயர். பாவிலும் ஊடையிலும் ஒரே வரிசையில், ஒரே எண்ணிக்கையில் வண்ண நூல்களை வைத்து, இரண்டு இழை மேலும் இரண்டு இழை கீழுமாகச் சாய்வு நெசவில் நெய்வார்கள். ஒரே நிறம் சந்திக்கும் இடத்தில் அந்த நிறமே தெரியும். இரண்டு நிறங்கள் சந்திக்குமிடத்தில் இரண்டும் கலந்த மூன்றாவது சாயல் பிறக்கும். நான்கு வண்ண நூல்களைக் கொண்டு பத்துச் சாயல்களைக் காட்டலாம். ஆறு வண்ணங்களுக்கு இருபத்தொன்று. எளிய மலைநாட்டு நெசவாளரின் கணக்கு இது!

துணி பழையதுதான். ஃபால்கிர்க் என்ற ஊரில் 1933ஆம் ஆண்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ரோமானிய வெள்ளிக் காசுகள் நிறைந்த மண்பானை ஒன்று கிடைத்தது. அதன் வாயை அடைத்திருந்த கம்பளித் துண்டில் கட்டம் இருந்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஆகவே கட்டத்தின் தொன்மையில் ஐயமில்லை. 'இந்தக் கட்டம் இந்தக் குலத்துக்கு' என்ற பட்டயம் எப்போது எழுதப்பட்டது என்பதே கேள்வி.

மேற்குத் தீவுகளைச் சுற்றிப் பார்த்து 1703இல் நூல் வெளியிட்ட மார்ட்டின் மார்ட்டின் என்பவர், துணியின் கட்டம் தீவுக்குத் தீவு, ஊருக்கு ஊர் மாறுவதாகவும், அதைக் கொண்டே ஒருவர் எவ்விடத்தார் என்று கூறிவிடலாம் என்றும் குறித்திருக்கிறார். கவனியுங்கள்: எக்குலத்தார் என்றல்ல, எவ்விடத்தார் என்று! அந்தந்த ஊர் நெசவாளர் தம் கைக்கு எட்டிய சாயத்தைக் கொண்டு நெய்தார். ஊரார் வாங்கி உடுத்தினர். 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் வெளியில் நடந்த பெரும்போரிலே, மலைநாட்டார் இரு பக்கமும் நின்று பொருதனர். தம்மவர் யார், பகைவர் யார் என்பதை அவர்கள் துணியின் கட்டத்தைப் பார்த்து அறியவில்லை. தொப்பியில் செருகிய அடையாளத்தைப் பார்த்தே அறிந்தனர். அப்போர் பற்றி டேவிட் மோரியர் தீட்டிய ஓவியத்தில் ஒரே ஆளின் உடம்பிலேயே பல விதமான கட்டங்களைக் காணலாம்.

தோல்விக்குப் பின் வந்தது சட்டம். ஸ்காட்லாந்தின் ஆண்மக்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடையை அணியலாகாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டு நாடு கடத்தல். மன்னரின் படையில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. சொந்த ஊரில் உடுத்தினால் குற்றம், மன்னருக்காகச் சாகப் போகும்போது உடுத்தினால் பெருமை! அவ்வாறு படையில் சேர்ந்த மலைநாட்டாருள் சிலர் நம் மண்ணுக்கும் வந்தனர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் தோற்ற கும்பினிப் படையில் அவர்களும் இருந்தனர்.

சட்டம் 1782இல் நீக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. ஊர் நெசவாளர் பலர் மறைந்தனர். பழைய கட்டங்கள் பலவும் அவர்களோடு மறைந்தன. எஞ்சிய வணிகத்தை பேனக்பர்ன் என்ற ஊரிலிருந்த வில்சன் நிறுவனத்தார் கைக்கொண்டனர். படைகளுக்குத் துணி நெய்து கொடுத்த நிறுவனம் அது. அவர்கள் தம் துணிகளுக்கு முதலில் எண்களைத்தான் இட்டார்கள், ஊர்ப்பெயர்களையும் சூட்டினார்கள். பின்னர், குலப்பெயர் சூட்டினால் விற்பனை கூடுகிறது என்று கண்டுகொண்டார்கள். இலண்டனில் இருந்த ஹைலாண்டு சங்கத்தார் 1815இல் குலத்தலைவர்களுக்கு மடல் எழுதி, உங்கள் குலத்துக்குரிய துணியின் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புங்கள் என்று கேட்டபோது, அது எதுவென்று தலைவர்கள் பலருக்கே தெரியவில்லை!

வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் கூறும் செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. மெக்ஃபர்சன் குலத்தலைவருக்கு வில்சன் நிறுவனத்தார் எடுத்துக் கொடுத்த துணி, அதற்குமுன் 'கிட்' என்று அழைக்கப்பட்டதாம். கிட் என்ற பெயருடைய ஒருவர், மேற்கிந்தியத் தீவுகளில் தம்மிடமிருந்த அடிமைகளுக்கு உடுத்துவதற்காக அதை மொத்தமாக வாங்கியிருந்தார் என்பதே காரணம். அதற்கும் முன்னர் அது வெறும் எண்தான். அடிமையின் முதுகில் கிடந்த கட்டம் தலைவனின் தோளில் ஏறியபோது, துணி மாறவில்லை. சீட்டு மட்டுமே மாறியது.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளினார். ஏறத்தாழ 170 ஆண்டுகளாக ஆளும் மன்னர் எவரும் அங்கே கால் வைத்ததில்லை. வரவேற்பு முழுவதையும் வகுத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். வருவோர் யாவரும் டார்ட்டன் அணிந்து வருக என்று கூறப்பட்டது. மன்னரும் செந்நிறக் கட்டத்தில், தசை நிறக் காலுறையோடு காட்சி தந்தார். கலோடனில் மலைநாட்டாரை நசுக்கிய கம்பர்லாந்து கோமகன் இம்மன்னருக்கு யார் தெரியுமா? பாட்டனாரின் தம்பி! பரம்பரை பார்த்துத்தான் உடுத்த வேண்டுமென்றால் அன்று அங்கே அதை உடுத்தத் தகாதவர் அவர் ஒருவரே.

இருபது ஆண்டு கழித்து, தம்மை ஸ்டூவர்ட் இளவரசரின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்ட சகோதரர் இருவர், பழைய சுவடியிலிருந்து எடுத்ததாகக் கூறி குலக் கட்டங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். 1842இல் வந்த அந்த 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்' புனைவு என்பது பின்னர் தெளிவாயிற்று. எனினும் அதிலுள்ள கட்டங்கள் பலவற்றை இன்றும் பற்பல குடும்பங்கள் தம் உரிமையாக உடுத்துகின்றன.

சரி, பெயராவது பரம்பரையைச் சொல்லுமா என்றால் அதுவும் உறுதியில்லை. 'க்ளான்' என்ற கேலிக் மொழிச் சொல்லுக்கு மக்கள், பிள்ளைகள் என்பது பொருள். ஆனால் தலைவரின் நிலத்தில் குடியிருந்து அவர் காவலை நாடியவர்களும் அவர் பெயரையே ஏற்றுக்கொண்டதுண்டு. மெக்கிரெகர் குலத்தாரின் கதை இன்னும் துயரமானது. 1603இல் அரசாணை அவர்கள் பெயரையே தடை செய்தது. உயிருக்கு அஞ்சி அவர்கள் கேம்ப்பெல், மரே, டிரம்மண்ட் என்று வேறு பெயர்களில் மறைந்து வாழ்ந்தார்கள். தடை முற்றிலும் நீங்கியது 1774இல். இன்று 'கேம்ப்பெல்' என்ற பெயரோடு கடைக்கு வருபவர் யாருடைய பேரர் என்று எந்தப் புத்தகம் கூறும்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அப்படியானால் இதெல்லாம் வெறும் வேடிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். நான் அவ்வாறு கருதவில்லை. நிலவுடைமையாளர்கள் ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களைக் குடிசையிலிருந்து விரட்டியபோது, கப்பலேறிக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, மண்ணும் மொழியும் கைநழுவிய பின் மிஞ்சியவை ஒரு பெயரும் ஒரு கட்டமும்தான். கட்டம் பிற்காலத்தில் வந்ததாகவே இருக்கட்டும். அதைக் கையில் ஏந்தும்போது அவர்கள் நினைப்பது உண்மையான பாட்டியைத்தானே? அந்தப் பற்றை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. அதே பற்றைக் கொண்டு இன்னொருவரைக் கடை வாசலில் நிறுத்தி வைப்பதுதான் தவறு.

உடுத்துவதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. மரபும் மரியாதையுமே உண்டு. விக்டோரியா மகாராணியாரின் கணவர் ஆல்பர்ட் வகுத்த பால்மோரல் கட்டம் அரச குடும்பத்தாருக்கு உரியது. பிறர் அதை விட்டுவிட வேண்டும். மற்றபடி, குலமில்லாதாருக்கென்றே பொதுக் கட்டங்கள் உள்ளன. கருநீலமும் பச்சையும் கலந்த 'பிளாக் வாட்ச்' அவற்றுள் புகழ்பெற்றது. ஊர்க் கட்டங்களும் உண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2009 பிப்ரவரியிலிருந்து அரசே பதிவேடு வைத்திருக்கிறது. புதிய கட்டத்தை எவரும் வகுத்துப் பதியலாம். கிளாஸ்கோவின் யூத குரு ஒருவர் 2008இல் வெளியிட்ட கட்டத் துணியில், அவர்கள் மார்க்க விதிப்படி கம்பளியோடு லினன் நூல் கலப்பதில்லை. 2012இல் ஸ்காட்லாந்து முஸ்லிம்களுக்கென்றும் ஒன்று வந்தது. அஸீம் இப்ராஹீம் என்பவர் முயன்று உருவாக்கியது. நீலம் ஸ்காட்லாந்தின் கொடிக்கு, பச்சை இஸ்லாத்துக்கு, வெள்ளைக் கோடுகள் ஐந்தும் ஐந்து கடமைகளுக்கு, பொற்கோடுகள் ஆறும் ஈமானின் ஆறு அம்சங்களுக்கு, கருஞ்சதுரம் கஃபாவுக்கு.

இனி, நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கப்போகும் கேள்வி: முழங்கால் தெரியுமே? தெரியத்தான் செய்யும். கில்ட் முழங்காலின் நடுவரை வரும், உட்கார்ந்தால் மேலேறும். ஷாஃபியீ மத்ஹபில் ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி. ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் சேரும். மரைக்காயர் வீட்டுக்கும் ராவுத்தர் வீட்டுக்கும் இடையே ஒரு முழங்கால் அளவு வேறுபாடு! ஃபத்வா கூறுவது என் வேலையன்று; ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்நாட்டிலேயே 'ட்ரூஸ்' என்ற கட்டம் போட்ட காற்சட்டை நெடுங்காலமாக உண்டு. விழாவுக்கு அது முற்றிலும் தகுந்த உடை. எவரும் குறை சொல்லார்.

"தம்பி, மகனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். மறுவாரம் படம் அனுப்பியிருந்தார். அவர் பிளாக் வாட்ச் ட்ரூஸ் அணிந்திருந்தார். சிறுவன் முஸ்லிம் கட்டத்தையும் பார்த்து, அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கடைசியில் கிளாஸ்கோ ஊர்க் கட்டத்தைக் காட்டினானாம். "நான் பிறந்த ஊர் இதுதானே, வாப்பா" என்பது அவன் சொன்ன காரணம்.

படத்தை ஊரிலிருக்கும் அவன் பாட்டனாருக்குக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். "கட்டமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எட்டு கஜம் துணி பிடிக்கும் என்கிறீர்கள். அத்தனையையும் பின்னால் மடித்து வைத்துவிட்டு, கணுக்காலுக்கு இல்லாமல் செய்துவிட்டார்களே!" என்றார்.