தேக்குக்கும் கல்லுக்கும் நடுவே

எங்கள் மும்பை வீட்டுக் கூடத்தில் சலவைக்கல் தரை. கல்லுக்கு நடுவே விரல் அகலத்துக்குத் தேக்குப் பட்டைகள். அப்பா காலத்தில் பதித்தது. மங்கிய தரைக்கு மெருகேற்ற ஆள் வந்தார். மூன்றே நாளில் கல் கண்ணாடியானது. ஒரு வாரத்தில் தேக்கு வீங்கி, கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது.

அவர் மேல் கோபமில்லை. அவர் கல்வேலைக்காரர். மரத்தைப் பற்றி நான்தான் முதலிலேயே பேசியிருக்க வேண்டும்.

மெருகு மெஷின் தண்ணீரில்தான் ஓடும். மரம் தண்ணீரைக் குடித்துக் குறுக்கே விரியும். சேற்றில் கலந்த இரும்புத் துகள் தேக்கிலுள்ள டானினோடு சேர்ந்து கறுக்கும். போதாக்குறைக்கு மரம் மென்மையானது. கல்லோடு சேர்த்துத் தேய்த்தால் பள்ளம் விழும்.

பட்டை திருகாணியில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் கழற்றி, பின்பக்கம் எண் எழுதி வைத்துவிடலாம். அதைவிடப் பாதுகாப்பு கிடையாது. ஒட்டியிருந்தால் இரண்டு கை வார்னிஷ் பூசி, நன்றாகக் காய்ந்தபின் டேப் ஒட்டுங்கள். வெறும் டேப்பை நம்பாதீர்கள், தண்ணீர் அடியில் புகுந்துவிடும். மெஷினை நாலு அங்குலம் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள். ஓரத்தைக் கையால் தேய்க்கட்டும். சேற்றை உடனுக்குடன் துடைக்கட்டும். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

வேலை முடிந்ததும் இடுக்கில் வெள்ளை சிமென்ட்டைத் திணிப்பது வழக்கம். தடுத்துவிடுங்கள். அடுத்த மழையில் மரம் விரிய இடமின்றி எழும்பும். தேன்மெழுகில் மரத்தூள் கலந்து நிரப்பினால் போதும்.

தரை நன்றாகக் காய்ந்தபிறகு உப்புத்தாள், பிறகு மர மெருகு. இப்போது டேப் கல் மேல் வர வேண்டும்! ஆளிவிதை எண்ணெய் சலவைக்கல்லில் பட்டால் மஞ்சள் கறை எளிதில் போகாது.

எங்கள் கறுப்புக்கு மருந்து ஆக்சாலிக் அமிலம். கல்லுக்குப் பளபளப்பு தரும் அதே தூள்தான். விஷம், கையுறை கட்டாயம், குழந்தைகள் கிட்டே வரக்கூடாது. நீர்த்த கரைசலைத் தூரிகையால் மரத்தில் மட்டும் தடவி, ஈரத்துணியால் பலமுறை துடைத்தோம். பெரும்பாலும் வெளுத்துவிட்டது. சோபாவுக்கு அடியில் ஒரு பட்டை மட்டும் இன்னும் கறுப்பு. அம்மாவுக்கு அது தெரியாது.