கேமரா மாத்துறதுக்கு முன்னாடி ட்ரைபாட் வாங்குங்க

1/ "டாக்டர், லேண்ட்ஸ்கேப் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?" இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி. என் பதில்: இருக்குற கேமரா போதும். அந்தக் காசுல நல்ல ட்ரைபாட் வாங்குங்க.

2/ ஆரோக்கியமான கைக்கும் நடுக்கம் உண்டு, நொடிக்கு சுமார் 8 முதல் 12 தடவை. அது நோய் இல்லை, உடம்போட இயல்பு. காபி குடிச்சாலோ களைச்சுப் போனாலோ கூடும். நைட் ட்யூட்டி முடிச்சு நேரா மலையேறுற எனக்கு நல்லாவே தெரியும்.

3/ விடியுறதுக்கு முன்னாடி ஐஎஸ்ஓ 100, எஃப்/11 வெச்சா ஷட்டர் பல நொடி திறந்திருக்கும். எவ்வளவு விலை கேமராவா இருந்தாலும் கையில பிடிச்சு எடுக்க முடியாது.

4/ அதுக்காக மலிவா வாங்காதீங்க. ஊட்டி பக்கம் ஒரு மேட்டுல, காத்துல என் பழைய ட்ரைபாட் கேமராவோட சாய்ஞ்சுது. லென்ஸ் ரிப்பேர் செலவுல நல்லதே வாங்கியிருக்கலாம்.

5/ கேமரா, லென்ஸ் எடையைப் போல ரெண்டு மடங்காவது தாங்கணும். நடுத்தண்டை உயர்த்தாமலே கண் மட்டத்துக்கு வரணும். முக்கியமா, நீங்க தூக்கிட்டு நடக்குற எடையா இருக்கணும். வீட்டுல தூங்குற ட்ரைபாட் யாருக்கும் உதவாது.

6/ சரிவுல ஒரு காலைக் கீழ்ப்பக்கமா வைங்க. 2 நொடி டைமர் போடுங்க. ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணுங்க.

7/ கேமரா சில வருஷத்துல பழசாகும். நல்ல ட்ரைபாட் அடுத்த கேமராவுக்கும் கூட வரும்.