லீவு லெட்டரும் நிலா ஏரியும்

ரயில்வே ஸ்டேஷன்களில் மஞ்சள் போர்டு பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெயர் மூன்று மொழியில் கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே ஓரமாக, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஒரு எண். இதை யாருக்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். ரயில் லேட்டானால் கொசு அடித்துக்கொண்டே படிப்பதற்கு என்று நினைத்திருந்தேன். எங்கள் விழுப்புரம் ஜங்ஷனில் அது 40 சொச்சம் மீட்டர்.

அந்த எண்ணை அலட்சியம் செய்ததால், 2024 செப்டம்பரில் ஒரு நல்ல நண்பனை இழக்கப் பார்த்தேன்.

நண்பன் திண்டிவனத்தான். பி.காம்.மில் எனக்கு பெஞ்ச்மேட். அவன் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். நான் கடைகளுக்குக் கணக்கு எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் உங்கள் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் கிடங்கல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது செல்போனில் ஒரு படம் காட்டினான். நீலக் கண்ணாடி மாதிரி தண்ணீர். சுற்றிலும் மொட்டை மலை. உச்சியில் பனி.

"மச்சான், சந்திரதால்! ஹிமாசலப் பிரதேசத்துல ஸ்பிதி பக்கம். 4,300 மீட்டர் உயரத்துல ஏரிடா! கூடாரத்துல படுத்தா நட்சத்திரம் மூக்குல இடிக்குமாம்."

நம் ஊரில் ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல், பனைமரம், முங்கிக் கிடக்கும் எருமை. யாரோ ஒரு ராஜா வெட்டியிருப்பான். இது யாரும் வெட்டாத ஏரி. பிறைநிலா மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். இதன் தண்ணீர் சந்திரா நதிக்குப் போகிறது. அந்தச் சந்திரா, தண்டி என்ற இடத்தில் பாகா நதியோடு சேர்ந்து செனாப் ஆகிறது. தருமர் சொர்க்கத்துக்குத் தேர் ஏறியதே இந்த ஏரிக்கரையில்தான் என்று அந்தப் பக்கம் சொல்கிறார்கள்.

இங்கிருந்து சொர்க்கத்துக்கு நேரடி சர்வீஸ் உண்டு என்பதை நாங்கள் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தது லீவு. அவனுடைய மேனேஜரிடம் லீவு வாங்குவதைவிட அவரிடம் கிட்னி வாங்குவது சுலபம். "குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம் ஸார்" என்று எழுதிக் கொடுத்தான். திங்கள், செவ்வாய், புதன் - மூன்று நாள் ஸாங்ஷன். கூடவே ஒரு ஆர்டர்: "விபூதி பிரசாதம் மறக்காம கொண்டு வாப்பா!"

பிளான் போட்டோம். வெள்ளி ராத்திரி விழுப்புரத்தை விட்டுக் கிளம்புவது. சனி, தில்லிக்கு விமானம். அன்று ராத்திரியே மணாலிக்கு பஸ். ஞாயிறு காலை மணாலியில் இறங்கிப் பல் தேய்த்து, ஜீப்பில் ஏறி, மாலையில் சந்திரதால். ஒரு ராத்திரி கூடாரம், திங்கள் விடியலில் ஏரி, அப்புறம் ரிட்டர்ன். பேலன்ஸ் ஷீட் மாதிரி இரண்டு பக்கமும் டாலி ஆனது. ஒரே ஒரு என்ட்ரி விட்டுப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை 40 மீட்டரில் இருக்கிறவன், ஞாயிறு ராத்திரி 4,200 மீட்டரில் படுக்கப் போகிறான். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

பயிற்சி எடுக்காமல் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கோட்டைக்குப் போய் ராஜகிரி ஏறினோம். 800 அடி. அவன் அங்கிருக்கும் குரங்குகளோடு போட்டி போட்டு ஏறினான். நான் அந்தக் குரங்குகள் பிடுங்கித் தின்று போட்ட வாழைப்பழத் தோல் மாதிரி மேலே போய் விழுந்தேன். "உன்னைத்தான்டா நான் தூக்கிட்டு வரணும்" என்றான். இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாகப் போனோம். 2020-ல் திறந்தது, 9 கிலோமீட்டர் நீளம், வழுவழு ரோடு. அந்த சந்தோஷம் கிராம்பூ என்ற இடம் வரைதான். அதற்கப்புறம் ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. கல், பள்ளம், குறுக்கே ஓடும் பனித்தண்ணீர். மொத்தம் 100 கிலோமீட்டர் சொச்சம். போய்ச் சேர எட்டு மணி நேரம். படல் என்ற இடத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, திண்டிவனத்தான் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல, ஜீப் குலுக்கல்."

கூடாரங்கள் ஏரிக்கரையில் இல்லை. 2005-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய சதுப்புநிலம் அது. குப்பையும் கழிவும் சேரக்கூடாது என்று கரையில் தங்க விடுவதில்லை. சில கிலோமீட்டர் தள்ளித்தான் முகாம். நாங்கள் போனபோது இருட்டிவிட்டது. விடிந்ததும் ஏரி என்றார்கள்.

முகாம் வசதியைச் சொல்கிறேன். தரையில் விரிப்பு, அதன்மேல் நாலு கிலோ ரஜாய். போனில் சிக்னல் பூஜ்யம். பாத்ரூம் என்பது ஒரு குழி, அதைச் சுற்றி ஒரு துணி. அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. டீ தளதளவென்று கொதிக்கும். வாயில் வைத்தால் சுடாது. குக்கர் இல்லாமல் சோறு வைத்தால் அரிசி அரிசியாகவே இருக்கும்.

காற்று விஷயத்தை பி.காம். பாஷையில் சொல்கிறேன். காற்றில் ஆக்ஸிஜன் எங்கேயும் 21 சதவிகிதம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்றின் அழுத்தமே குறைகிறது. 4,300 மீட்டரில் கடல் மட்டத்து அழுத்தத்தில் சுமார் 60 சதவிகிதம்தான். நூறு ரூபாய் சம்பளக்காரனுக்கு அறுபது ரூபாய் கொடுத்து, அதே குடும்பத்தை நடத்து என்பது மாதிரி. மெதுவாகப் பழக்கினால் உடம்பு சிக்கனம் கற்றுக்கொள்ளும். ஒரே நாளில் சம்பளத்தை வெட்டினால் ஸ்டிரைக். தலைவலி, வாந்தி, பசியின்மை, தலைசுற்றல் எல்லாம் அந்த ஸ்டிரைக் நோட்டீஸ்தான்.

திண்டிவனத்தான் ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. கல்யாண வீட்டில் மூன்று பந்தி உட்காருகிறவன்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கூடாரத்து வடக்கத்திப் பையன்கள், "குளிருக்கு நல்லது" என்று ரம்மை நீட்டினார்கள். இவனும் கையை நீட்டினான். எங்கள் டிரைவர் தட்டிவிட்டார். ரம் குடித்தால் தோல்தான் சூடாகுமாம். உள்சூடு வெளியே ஓடிவிடுமாம். போதாததற்குத் தூக்கத்தில் மூச்சையும் மந்தமாக்குமாம். "மலையில ஹீரோயிஸம் வேணாம் பாயி" என்றார். 2023 ஜூலையில் இங்கே திடீரென்று பனி கொட்டி, ஏறக்குறைய 300 பேர் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டதையும், பனியை வெட்டி வழி செய்து அவர்களை மீட்டதையும் சொன்னார். தாலாட்டுக்கு இது போதும் என்று படுத்தோம்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். வாந்தி எடுக்கும் சத்தம். எழுந்து டார்ச் அடித்தேன்.

"எப்போலேர்ந்துடா?"

"படல்லேர்ந்தே தலைவலி. ரெண்டு மாத்திரை போட்டேன்... கேக்கல."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா திரும்பிடலாம்பே. எவ்வளவு காசுடா... அதோட லீவு..."

எழுந்து வெளியே போனான். நாலு அடி வைத்தான். சம்பள தேதியில் கடை மூடும் நேரத்தில் சிலர் நடப்பார்களே, அப்படி ஒரு நடை. ஒரு சொட்டு குடிக்காதவன்! டிரைவரை எழுப்பினேன். அவர் தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, ஒரு காலின் குதிகால் முன்னால் மற்ற காலை வைத்து நேராக நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தான். டிரைவர் என்னைப் பார்த்து, "உடனே கீழே போகணும்" என்றார்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். அந்த நிமிஷம் என் வாயில் வந்தது இதுதான்: "பாயி, நாலு மணி நேரத்துல விடிஞ்சுடும். ஏரியைப் பார்த்துட்டுப் போயிடலாமா?"

டிரைவர் பதில் பேசவில்லை. ஜீப்பை ஸ்டார்ட் செய்தார்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஸங்க் காஸ்ட்' என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே செலவான பணம் திரும்பி வராது. அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பரீட்சையில் இதற்கு நான் பத்துக்கு ஒன்பது மார்க். ரூம் போட்ட காசு, விமான டிக்கெட், கும்பாபிஷேகப் பொய் எல்லாம் போன பணம். எதிரே இருந்த ஒரே பாக்கி, நண்பனின் உயிர். அந்த ராத்திரி பரீட்சையில் எனக்குப் பூஜ்யம்.

குளிரில் பல் தந்தி அடிக்க, இரண்டு மணிக்குக் கிளம்பினோம். அவன் தலை என் மடியில். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "டேய், உன் ரோல் நம்பர் என்ன? உன் பொண்ணு என்ன கிளாஸ் படிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். பொண்ணு கிளாஸுக்கு ஒருதடவை தப்பாகப் பதில் சொன்னான். அதைப்போல ஒரு பயத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் ஏறுமாம். விடியலுக்கு முன் குறைவாக இருந்ததால் ஜீப் தப்பித்தது.

ஆறரை மணிக்கு ஒரு ஊர் வந்தது. 3,300 மீட்டர் சொச்சம். சுமார் 900 மீட்டர் இறங்கியிருந்தோம். ஊரின் பெயர் சத்ரு. சத்தியமாக அதுதான் பெயர். அங்கே திண்டிவனத்தான் எழுந்து உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தான். "மச்சான், இங்க இட்லி கிடைக்குமா?" என்றான். சத்ரு எங்களுக்கு மித்திரன் ஆனது. நான் ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய், கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன்.

மணாலியில் டாக்டர் பார்த்தார். "நல்ல வேளை, இறங்கிட்டீங்க. விடியட்டும்னு படுத்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். ஆபீஸ் நண்பர்களே, கிழித்து பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

3,000 மீட்டருக்கு மேலே போனால், ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் படுக்கிற உயரம் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. மூன்று, நாலு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் ஓய்வு. ஜிம் உடம்பு, ராஜகிரி உடம்பு எதுவும் இதற்குக் காப்பு இல்லை. ஓடியாடும் ஆள்தான் வேகமாக ஏறி முதலில் மாட்டுவான். தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது ஆபத்து. அதற்கு முதல் மருந்து இறங்குவது. ராத்திரியானாலும் இறங்குவது.

அவசரம் இல்லாதவர்கள் சிம்லா, கின்னௌர் வழியாகப் போகலாம். கல்பா 2,960 மீட்டர், தாபோ 3,280, காஸா 3,600-க்கு மேல். ஒவ்வொன்றிலும் தங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் சந்திரதால். நல்லதுதான், ஆனால் எட்டு, ஒன்பது நாள் லீவு வேண்டும். மலையில் நம்மைக் கொல்லப் பார்க்கிற வில்லன், மூன்று நாள் சி.எல். என்று புரிந்தது.

வியாழக்கிழமை திண்டிவனத்தான் ஆபீஸ் போனான். வழியில் நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய விபூதியைப் பொட்டலம் கட்டி மேனேஜரிடம் நீட்டினான். அவர் பக்தியோடு பூசிக்கொண்டு, இவன் முகத்தைப் பார்த்தார். மலை வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, முகம் சுட்ட கத்திரிக்காய் மாதிரி இருந்தது.

"கும்பாபிஷேகம் எந்த மலையிலப்பா நடந்துச்சு?"

இவனுக்கு என்ன தோன்றியதோ, எல்லா உண்மையையும் கொட்டிவிட்டான். தலைவலி, கயிறு, சத்ரு வரைக்கும். கடைசியில், "அடுத்த வருஷம் ஒன்பது நாள் லீவு வேணும் ஸார். நிஜக் காரணம்தான். அந்த ஏரியைப் பார்க்கணும்" என்றான்.

மேனேஜர் ரொம்ப நேரம் பேசவில்லையாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

"உயிரோட வந்தியே, அது போதும்பா" என்றவர், நெற்றி விபூதியைச் சரி செய்துகொண்டே சொன்னாராம்: "ஏரிதானே பார்க்கணும்? கிடங்கல்ல ஒண்ணு இருக்கே. அரை நாள் பர்மிஷன் தர்றேன், பார்த்துட்டு வந்துடு!"