கண் வெறும் சாட்சிதான்!

மணப்பாறை மாட்டுச் சந்தை. உழவுக்கு மாடு வாங்க ஒரு விவசாயி வருகிறார். மாட்டைச் சுற்றி வருகிறார். திமிலைப் பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். கடைசியில் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார்.

பல்லைப் பார்ப்பது எதற்காக? வயதை அறிவதற்காக.

மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. கீழ்வாயில் எட்டு உண்டு. பால்பல் விழுந்து, முதல் ஜோடிப் பெரிய பல் முளைக்கச் சுமார் இரண்டு, இரண்டரை வயது ஆகும். எட்டும் முளைத்து முடிய நாலரை, ஐந்து வயது ஆகிவிடும்.

பல் கண்ணுக்குத் தெரிகிறது. வயது தெரிவதில்லை. பல்லை வைத்து வயதைச் சொல்வது கண்ணின் வேலை அல்ல, அறிவின் வேலை.

"கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவேன்" என்று பிடிவாதம் செய்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் மணப்பாறைச் சந்தையில் ஒரு மாடுகூட வாங்க முடியாது!

மணிமேகலை கேட்ட கேள்வி

இந்த வழக்கு இன்று நேற்று வந்தது அல்ல. சீத்தலைச் சாத்தனார் பாடிய மணிமேகலைக் காப்பியத்திலேயே இது வருகிறது.

மணிமேகலை வஞ்சி நகருக்குப் போகிறாள். பல சமயத்தாரையும் சந்திக்கிறாள். அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் பூதவாதி ஒருவன் பேசுகிறான். நேரில் காண்பது ஒன்றே சான்று. ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கருதி அறிவது சான்று ஆகாது என்பது அவன் கட்சி.

மணிமேகலை சிரிக்கிறாள். உன் தாய் யார், தந்தை யார் என்று நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள்.

ஒரே கேள்விதான். ஆனால், அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? தான் பிறந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர் உலகத்தில் யாரும் இல்லை. வளர்த்தவர் அன்பைப் பார்த்து, ஊரார் சொல்லைக் கேட்டு, இவர்தான் தாய், இவர்தான் தந்தை என்று மனிதன் அறிந்துகொள்கிறான். கண்டதை மட்டுமே நம்புவேன் என்கிறவரும் வீட்டுக்குப் போனதும் "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்!

கடல் சொன்ன பொய்

காணாதது இருக்கட்டும். கண்டதாவது முழு உண்மையா?

கடல் நீலமாகத் தெரிகிறது. மேலே வானமும் நீலம். வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று உலகம் நினைத்தது. ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானியும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

திருச்சியில் 1888-ம் ஆண்டு பிறந்தவர் சர் சி. வி. ராமன். 1921-ம் ஆண்டு அவர் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பினார். வழியில் மத்தியதரைக் கடலின் கரு நீலத்தைக் கண்டார். மற்றவர்களும் அதே கடலைப் பார்த்தார்கள். ராமன் சந்தேகப்பட்டார்.

ஒளியை வடிகட்டும் சிறு கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அதன் வழியாகப் பார்த்து, கடலின் மேல்பரப்பில் பளபளக்கும் வானத்தின் சாயலை விலக்கினார். வானம் போயிற்று. நீலம் போகவில்லை! கடல் நீலத்துக்குக் காரணம் கடல் நீரிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. ஒளியைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி அங்கே நிற்கவில்லை. 1928-ல் 'ராமன் விளைவு' பிறந்தது. 1930-ல் நோபல் பரிசு வந்தது.

கண் பொய் சொல்லவில்லை. "நீலம் தெரிகிறது" என்றுதான் சொன்னது. "அது வானத்தின் நிழல்" என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னது மனிதர்கள். கண் சாட்சி. சாட்சியைக் கேட்க வேண்டும். குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும்.

பல்லும் சுழியும்

அப்படியானால், காணாததை எல்லாம் நம்பிவிடலாமா? கூடாது!

அதே சந்தையில், மாட்டின் உடம்பில் உள்ள சுழியைக் காட்டி, "இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது" என்று சொல்வாரும் உண்டு. பல்லுக்கும் வயதுக்கும் தொடர்பு உண்டு. ஆயிரம் மாடுகளில் சோதித்துப் பார்க்கலாம். சுழிக்கும் குடும்பத்தின் அதிர்ஷ்டத்துக்கும் அப்படி ஒரு தொடர்பைக் காட்ட முடியாது. பல் பார்ப்பது அறிவு. சுழி பார்த்துப் பயப்படுவது மூட நம்பிக்கை. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றுக்குக் காரணம் இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

ஒன்றும் ஆகவில்லையே!

இது பண்டிதர்கள் பேசிப் பொழுது போக்கும் விஷயம் அல்ல. உயிர் சம்பந்தப்பட்டது. மணப்பாறை வட்டாரத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

2019-ம் ஆண்டு அக்டோபர் 25. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், பயன்படாமல் கிடந்த ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்துவிட்டது. பக்கத்தில் குழி தோண்டினார்கள். பூமிக்குள் கடும் பாறை. பெரிய இயந்திரங்களும் திணறின. 80 மணி நேரத்துக்கு மேல் போராடினார்கள். 29-ந் தேதி அதிகாலையில் குழந்தையின் உடல்தான் கிடைத்தது. தமிழ்நாடே கண்ணீர் விட்டது.

பயன்படாத ஆழ்துளைக் கிணறுகளை அடி முதல் தரை மட்டம் வரை மண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ம் ஆண்டிலேயே உத்தரவு போட்டிருந்தது. அப்படியும் பல ஊர்களில் குழிகள் சரியாக நிரப்பப்படாமல் கிடந்தன. கேட்டால் கிடைக்கும் சமாதானம் ஒன்றுதான்: "இத்தனை வருஷமாக இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லையே!"

அது உண்மைதான். கண்ணால் கண்ட உண்மை! ஆனால், அது நேற்று வரை உள்ள உண்மை. நாளைக்கு அது சாட்சி சொல்லாது. சாக்கு மட்கும். மழையில் மண் உள்வாங்கும். குழந்தை ஓடும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து தெரியும். அதற்குக் கண் வேண்டாம்; அறிவு போதும்.

கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவது என்று இங்கே காத்திருக்க முடியாது. அப்படிக் காத்திருந்தால், ஒரு குழந்தை விழும் வரை காத்திருப்பதாகத்தான் அர்த்தம்.

பல்லைப் பார்த்து வயதை அறிந்துகொள்கிற மக்கள் இவர்கள். குழியைப் பார்த்து ஆபத்தை அறிய முடியாதா? மாடு வாங்கும்போது காட்டுகிற அறிவை, குழந்தையைக் காப்பதிலும் காட்ட வேண்டும். நிரப்பாத குழி எங்கே இருந்தாலும் அதை இன்றே நிரப்ப வேண்டும்.