பாரி எப்படி வீடு திரும்பினான்?

பழைய வாகனங்களை விற்கும் விளம்பரங்களைத் தொடர்ந்து படித்தால் ஒரு விஷயம் புலப்படும். மாருதி 800ஐ விற்பவர் காரணம் சொல்வதில்லை. அம்பாசிடரை விற்பவரிடம் காரணம் கேட்பாரும் இல்லை. ஜிப்ஸியை விற்பவர் மட்டும் தன்னிலை விளக்கம் தருகிறார். குடும்பம் பெரிதாகிவிட்டதாம், மனமின்றி விற்கிறாராம், நன்றாகப் பார்த்துக்கொள்பவர்கள் மட்டும் அணுக வேண்டுமாம். வரன் தேடும் விளம்பரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஜாதகம் கேட்காததுதான்.

டேராடூனில் இருக்கும் என் நண்பர் ஒருவர் அண்மையில் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். கர்வாலி. கல்லூரியில் புவியியல் கற்பிப்பவர். அவரிடம் இருந்தது 1997ஆம் வருடத்து ஜிப்ஸி கிங். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஆகவே மனைவியைவிட மூத்த உறவு என்பார். மனைவி சிரிக்க மாட்டார்.

ஜிப்ஸியின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1985 டிசம்பரில் வந்தது. முதலில் ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவான சின்ன எஞ்சின். 1996ல் 1.3 லிட்டர் எஞ்சினுடன் 'கிங்' ஆயிற்று. மொத்த எடை ஒரு டன்னை ஒட்டித்தான். மலைக்காரர்கள் அதை விரும்பியதற்கு அந்த எடைதான் காரணம். சேற்றில் கனமான ஜீப் உட்கார்ந்துவிடும். இது மேலேயே ஓடிவிடும். அப்படியே மாட்டிக்கொண்டாலும் நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம். ராணுவம் பல்லாயிரக்கணக்கில் வாங்கியது. போலீஸ் வாங்கியது. 1999ல் தொடங்கிய 'ரெய்டு டி ஹிமாலயா' பந்தயத்தில் வருடந்தோறும் ஜிப்ஸிகள் வரிசை கட்டின. ரந்தம்போரிலும் கார்பெட்டிலும் புலி பார்க்கப் போனவர்கள் புலியைப் பார்த்தார்களோ இல்லையோ, ஜிப்ஸியைப் பார்த்திருப்பார்கள்.

முப்பது வருடங்களுக்கு மேல் அது பெரிதாக மாறவில்லை. முன்னும் பின்னும் வில் பட்டை. நான்கு சக்கர இழுவைக்கு இரண்டாவது கம்பி. பழைய வண்டிகளில் அந்தக் கம்பியைத் தள்ளினால் மட்டும் போதாது. கொட்டும் மழையில் இறங்கி, முன் சக்கரங்களின் நடுவிலுள்ள குமிழைக் கையால் திருகிவிட்டு வர வேண்டும். ஏ.சி. கிடையாது. பின்னால் ஏற ஒரே கதவு. உள்ளே டவுன் பஸ்ஸின் நீள இருக்கை மாதிரி, எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள்.

பிரச்சினை அந்தப் பெஞ்சுகளில்தான் இருக்கிறது.

வண்டி முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்குத் திடீர் பிரேக் என்பது தோளை யாரோ பிடித்துத் தள்ளுவது போன்றது. கால் ஊன்றி நிற்கவும் முடியாது, முதுகு சாயவும் இடமில்லை. குழந்தைகளுக்கென விற்கும் தனி இருக்கைகள் எல்லாமே வண்டி போகும் திசையை ஒட்டி, முன்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்துவதற்காகச் செய்யப்பட்டவை. பக்கவாட்டுப் பெஞ்சில் அவற்றைப் பொருத்த வழியே இல்லை. நண்பர் இதை வாங்கி வந்த பிறகு கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கயிறு, கொக்கி, பழைய பெல்ட் என்று போராடிவிட்டு, அந்த இருக்கையை வீட்டுக் கூடத்தில் போட்டார். இளைய மகள் அதில் உட்கார்ந்து டி.வி. பார்த்தாள்.

அவளுக்கு நான்கு வயது, அக்காவுக்கு ஒன்பது. போன வருடம் முசோரி சாலையின் ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்தது. நண்பர் போட்டது சாதாரண பிரேக்தான். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டியின் மடியில் இருந்த சின்னவள் நழுவி, முன் இருக்கையின் இரும்புச் சட்டத்தில் மோதினாள். உதட்டில் இரண்டு தையல். அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் அன்று இரவு அந்த வீட்டில் யாரும் ஜிப்ஸியைப் பற்றிப் பேசவில்லை. இருபது வருடத்தில் அது முதல் தடவை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். இதற்காக அபராதம் கட்டிய யாரையும் நான் சந்தித்ததில்லை. ஸ்கூட்டரில் நான்கு பேர் போகும் தேசத்தில் ஜிப்ஸியின் பின் பெஞ்சை எந்தக் கான்ஸ்டபிள் எட்டிப் பார்ப்பார்? பின் இருக்கையில் பெல்ட் போடுவது கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. 2022 செப்டம்பரில் மும்பை அருகே பால்கரில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த ஜெர்மன் கார். பின் இருக்கையில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. அதன்பின் சில வாரங்கள் நாடு முழுக்கப் பெல்ட் பேச்சு. பிறகு மறந்துபோனோம்.

ஜிப்ஸியைச் சந்தையிலிருந்து எடுத்ததும் இதே பாதுகாப்பு விவகாரம்தான். 2019ல் ஏ.பி.எஸ். பிரேக், ஓட்டுநருக்குக் காற்றுப்பை, மோதல் சோதனை என்று விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. எண்பதுகளில் வார்த்த உடம்புக்கு இவை எதுவும் பொருந்தவில்லை. அந்த வருடத்தோடு பொதுமக்களுக்கான விற்பனை முடிந்தது. ராணுவம் அதற்கு முன்பே மனம் மாறிவிட்டது. 2017ல் அது 3,192 டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. கேட்ட அம்சங்கள் என்ன தெரியுமா? உறுதியான கூரை, 800 கிலோ சுமக்கும் திறன், ஏ.சி. எல்லையைக் காப்பவர்களே ஏ.சி. கேட்கும்போது எழுபது தாண்டிய பாட்டி கேட்கக் கூடாதா?

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளனாக எனக்கொரு சங்கடம். கார் கம்பெனிகளின் ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும்போது 'குடும்பத்துக்கு ஏற்ற வாகனம்' என்று எழுதுகிறோம். தமிழில் அது உடனே 'குடும்பச் சித்திரம்' ஆகிவிடுகிறது. சண்டை இல்லை, கவர்ச்சி இல்லை, தாய்மார்கள் கண்டுகளிக்கலாம். ஜிப்ஸிக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் கோணுவது இதனால்தான். வீரத்திலிருந்து இல்லறத்துக்கு இறக்கிவிட்டதாக உணர்கிறார்கள். நம் மரபிலும் இந்தக் கோணல் உண்டு. முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரியை இரண்டாயிரம் வருடமாகப் புகழ்கிறோம். அன்று அவன் எப்படி வீடு திரும்பினான் என்று கேட்டதில்லை. அவனுக்கும் இரண்டு பெண் குழந்தைகள்.

நண்பருக்கும் ஜிப்ஸி வெறும் வண்டி அல்ல. 2013 ஜூனில் கேதார்நாத் பள்ளத்தாக்கை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது, சாலை மிச்சமிருந்த இடம் வரை அரிசியும் போர்வையும் ஏற்றிப் போனவர்களில் அவரும் ஒருவர். திரும்பும்போது பெஞ்சுகளில் ஊர் தெரியாத மனிதர்கள். அந்தப் பெஞ்சுகளில் அன்று எத்தனை பேரை ஏற்றினார் என்று அவர் எண்ணவில்லை. டிசம்பர் காலையில் சோக்கை இழுத்து, கார்புரேட்டரிடம் கெஞ்சி அதைக் கிளப்புவது அவருக்குப் பூஜை மாதிரி. இப்படிப்பட்டவரிடம் போய் மோதல் சோதனையின் நட்சத்திரங்களைப் பற்றிப் பேச ஒரு தைரியம் வேண்டும். அது அவர் மனைவியிடம் இருந்தது.

அந்த அம்மையார் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறார். விவாதத்தைக் கணக்காகவே மாற்றினார். முதல் கேள்வி: கடந்த ஒரு வருடத்தில் நான்கு சக்கரக் கம்பியை எத்தனை முறை தள்ளினீர்கள்? நண்பர் யோசித்துச் சொன்னார்: இரண்டு முறை. இரண்டும் எதற்கு? சேற்றில் மாட்டிய அடுத்தவர் கார்களை இழுத்துவிட.

இரண்டாவது கேள்வி: வண்டியில் யார் யார் போகிறோம்? ஐந்து பேர். இதில் ஜிம்னி அடிபட்டது. 2023 ஜூனில் ஐந்து கதவுகளோடு வந்த ஜிம்னி, ஜிப்ஸியின் நேர் வாரிசு. அதே போல் ஏணிச் சட்டம், நான்கு சக்கர இழுவை, தரையிலிருந்து அதே 210 மில்லிமீட்டர் உயரம். கூடவே ஆறு காற்றுப்பைகள், முன்நோக்கிய பின் இருக்கைகள். நண்பர் அதைப் பார்த்ததும் பேரனைப் பார்த்த தாத்தா மாதிரி ஆகிவிட்டார். ஆனால் அதில் உட்காரலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்கள் நான்கு பேர். பாட்டியை வீட்டில் விட்டுவிட்டா மலைக் கிராமத்துக் குலதெய்வத்தைப் பார்க்கப் போவது?

எர்டிகா மனைவியின் முதல் தேர்வு. ஏழு இருக்கை, தாழ்வான கதவு, பாட்டி சிரமமில்லாமல் ஏறலாம். குடும்பச் சித்திரம் என்றால் அதுதான். ஆனால் இங்கேதான் கதை திரும்பியது. இந்தியாவில் தயாரான எர்டிகாவுக்கு குளோபல் என்கேப் அமைப்பு 2019ல் மூன்று நட்சத்திரம் தந்திருந்தது. 2024ல், கடுமையாக்கப்பட்ட விதிகளின்படி ஆப்பிரிக்கச் சந்தைக்கான வண்டியைச் சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒன்று, குழந்தைகளுக்கு இரண்டு. சோதித்த வண்டியில் இரண்டே காற்றுப்பைகள். இந்தியாவில் 2025ல் எல்லா எர்டிகாவிலும் ஆறு வந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கணக்கு டீச்சர் பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டார். குடும்பத்துக்கு ஏற்றது என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பெரும்பாலும் இருக்கைகளின் எண்ணிக்கையைத்தான்.

வேடிக்கை என்னவென்றால் முரட்டு வண்டி என்று பெயரெடுத்தது சோதனையில் தேறியிருந்தது. மஹிந்திரா தார் 2020ல் புதுப்பிக்கப்பட்டபோது, மலிவான ரகத்தில் அதே பக்கவாட்டுப் பெஞ்சுகளுடன்தான் வந்தது. சில மாதங்களில் அந்த ரகத்தைக் கம்பெனியே நிறுத்தியது. முன்நோக்கிய இருக்கைகள் கொண்ட தார் நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2024 ஆகஸ்டில் ஐந்து கதவுகளோடு தார் ராக்ஸ் வந்தது. அந்த வருடம் நவம்பரில் பாரத் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து ஐந்து நட்சத்திரம். பின் இருக்கையில் மூவருக்கும் தோளோடு சேர்ந்த பெல்ட். குழந்தை இருக்கையைக் கொக்கி போட்டு மாட்டும் ஐசோஃபிக்ஸ் வசதியும் உண்டு.

நான்கு சக்கர இழுவை உள்ள ராக்ஸ், அறிமுக விலையே 18.79 லட்சத்தில் தொடங்கியது. பின் சக்கர இழுவை மட்டும் உள்ளது 12.99 லட்சத்தில். வருடத்துக்கு இரண்டு முறை அடுத்தவர் காரை இழுக்க ஐந்தே முக்கால் லட்சமா என்று மனைவி கேட்டார். நண்பரிடம் பதில் இருந்தது: பனி, நிலச்சரிவு, சக்ராதா சாலை. மனைவியிடமும் இருந்தது: நிலச்சரிவு வரும் நாளில் வீட்டிலேயே இருப்பது. என் ஓட்டு மனைவிக்குத்தான். மலையில் தினமும் ஓடும் டாக்சிகளில் பெரும்பாலானவை இரு சக்கர இழுவைதான். ஓட்டுநரின் நிதானத்தில்தான் ஓடுகின்றன.

வாங்கியது பின் சக்கர இழுவை, ஆட்டோமேட்டிக். மனைவியும் ஓட்டுவதாக ஏற்பாடு. ஜிப்ஸியின் கனத்த ஸ்டீரிங்கை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

ஜிப்ஸியையும் வைத்துக்கொள்ளலாமே என்று நானே சொல்லிப் பார்த்தேன். ஆசை இருந்தால் போதாது. 20 வருடம் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கியது. கூடவே இன்ஷூரன்ஸ், தகுதிச் சான்று, தேடித் தேடி வாங்கும் உதிரி பாகங்கள். இன்னும் முக்கியமாக, வாசலில் நின்றால் பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள். 'அப்பா, இன்னிக்கு மட்டும்' என்றால் இவர் மறுக்கவா போகிறார்? இதையும் மனைவிதான் சொன்னார். என் தில்லி நண்பர்களுக்கு இந்தக் குழப்பம்கூட இல்லை. தலைநகர் வட்டாரத்தில் பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம், டீசலுக்கு 10 என்ற வரம்பை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு அங்கிருந்து எத்தனையோ பழைய ஜீப்புகள் மலைக்குக் குடிபெயர்ந்தன.

இமாசலத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் ஜிப்ஸியை வாங்கிக்கொண்டார். மலைப் பந்தயத்துக்குத் தயார் செய்யப் போகிறாராம். வந்ததும் முதல் வேலையாகப் பின் பெஞ்சுகள் இரண்டையும் கழற்றிக் கீழே வைத்தார், எடை குறையுமாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் நண்பர் தினம் காலையில் அதைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டார். மூத்த மகள் மட்டும் அழுதாள். சின்னவளுக்குப் புது வண்டியில் தன் இருக்கை ஜன்னல் உயரத்துக்கு இருந்ததில் பரம திருப்தி.

புது வண்டியிலும் ஒரு குறை உண்டு. தரை உயரம். பாட்டியின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பக்கவாட்டுப் படி தனியாகக் காசு கொடுத்துப் பொருத்தியும் முதல் அடி எட்டவில்லை. சந்தையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கினார்கள். இப்போது கிராமத்துக்குக் கிளம்பினால் நண்பர் இறங்கி வந்து முக்காலியை வைக்கிறார், அம்மா ஏறுகிறார், முக்காலி பின்னால் போகிறது. பெல்ட்டைப் போடச் சொன்னால்தான் அம்மாவுக்குக் கோபம். வயிற்றை அழுத்துகிறதாம். சின்னவள் பக்கத்திலிருந்து கொக்கியை மாட்டிவிடுகிறாள்.